ஆகஸ்டு மாதத்து வீரர்கள்

ஜெஃப் ஜானிஸ் கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் நான்கு பருவங்கள் இருந்தார். அந்த நான்கு பருவங்களின் வழக்கமான ஆட்டங்களில் அவர் பிடித்த பந்துகள் மொத்தமே 17. அவற்றால் அணி முன்னேறிய தூரம் 200 கெஜம். எறியும் பந்தைப் பிடித்து ஓடும் தேர்ந்த ரிசீவர் ஒருவர் இதை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடுவார். ஆனாலும் 2014 தொடங்கி மூன்று கோடைகள், விஸ்கான்ஸின் மாநிலத்தில் அமெரிக்கக் கால்பந்து பேசப்பட்ட இடமெல்லாம் ஜானிஸின் பெயர் அடிபட்டது. அவனை இறக்கிப் பாருங்கள் என்று ஒரு கட்சி. இறக்காமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எதிர்க்கட்சி. பார்களில், முடிதிருத்தும் கடைகளில், வானொலியின் நேயர் நிகழ்ச்சிகளில் இரண்டு கட்சிக்கும் வக்கீல்கள் இருந்தார்கள்.

நான் எழுத நினைப்பது அந்தப் பேச்சைப் பற்றி. பருவம் தொடங்கவில்லை, புள்ளிப் பட்டியலில் ஒரு வெற்றியோ தோல்வியோ ஏறவில்லை. அப்போது, நேற்றுவரை பெயர் தெரியாதிருந்த ஓர் இளைஞன் பயிற்சியில் பந்தைப் பிடித்த விதத்தைப் பற்றி வயதுவந்தவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இதை வெறும் கோடைக்கால மயக்கம் என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அணியை நேசிப்பதில் கலப்படமில்லாத பகுதி என்று ஏதாவது உண்டென்றால் அது ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு முடியும்வரை நடக்கும் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிரீன் பே ஒரு லட்சத்துக்குச் சற்றே கூடுதலானவர்கள் வாழும் ஊர். நியூயார்க், சிகாகோ, டாலஸ் போன்ற மாநகரங்களின் அணிகளோடு இந்தச் சின்ன ஊரின் அணியும் சரிசமமாக மோதுகிறது. 1919இல் கர்லி லாம்போவும் ஜார்ஜ் கால்ஹூனும் தொடங்கிய அணி இது. தகர டப்பாவில் இறைச்சி அடைக்கும் ஒரு கம்பெனி ஜெர்சிக்குப் பணம் கொடுத்தது. பேக்கர்ஸ் என்ற பெயர் அதனால் வந்தது. அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்குக்கு லாப ஈவு இல்லை. சந்தையில் விற்கவும் முடியாது. சுவரில் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். பருவம் முழுவதற்குமான சீட்டுகள் 1960இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தீர்ந்துபோகின்றன. காத்திருப்போர் பட்டியலில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பிள்ளை பிறந்த கையோடு பட்டியலில் பெயர் சேர்க்கும் பெற்றோர்கள் உண்டு. பிள்ளை பேரன் பேத்தி எடுக்கும்போது முறை வரலாம்.

ஆகவே இந்த ஊரில் பலருக்கு அணியை நேரில் பார்க்கக் கிடைக்கும் இடம் பயிற்சி முகாம்தான். லாம்போ அரங்கிலிருந்து ஒனைடா தெருவைத் தாண்டினால் ரே நிட்ச்கி மைதானம். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் கட்டணம் கிடையாது, முந்தியவருக்கு முன்னிடம். அரங்கில் உடை மாற்றிக்கொண்டு வரும் ஆட்டக்காரர்களுக்காகப் பிள்ளைகள் தங்கள் சைக்கிள்களோடு வரிசையில் நிற்பார்கள். வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. ஆறடி மூன்றங்குல ஆள் ஒருவர், எட்டு வயதுச் சிறுமியின் சைக்கிளில், முழங்கால் கைப்பிடியில் இடிக்க இடிக்க மிதித்துக்கொண்டு போவார். அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அந்தச் சிறுமி பக்கத்தில் ஓடுவாள். புகழ்பெற்ற ஆட்டக்காரர்களுக்குப் பல ஆண்டுகளாக ஒரே வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிள் அமைவதுண்டு. புதிதாக வந்தவர் எதிரே நிற்கும் சைக்கிள் எதுவோ அதில் ஏறிக்கொள்வார். அவர் யாரென்று சிறுமிக்குத் தெரிந்திருக்காது. அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அந்த எண்ணுக்குரிய பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனுக்கு ஒரு கட்சி உருவாகிவிடும்.

முகாமுக்கு 90 பேர் வருகிறார்கள். ஆகஸ்டு முடிவதற்குள் அது 53 ஆகிவிட வேண்டும். எண்கள் போதாமல் ஒரே எண்ணை இரண்டு பேர் அணிவதும் நடக்கும், தாக்குதல் பக்கத்தில் ஒருவர், தடுப்புப் பக்கத்தில் ஒருவர். வேலிக்கு அப்பால் நிற்கும் ரசிகர்களின் கையில் அச்சடித்த பெயர்ப் பட்டியல் இருக்கும். அந்த 90 பேரில் ரிசீவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அணியில் தங்கப்போவது ஐந்தோ ஆறோ.

புதியவர்களில் ரிசீவர்களையே ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்பதற்கு எளிய காரணம் உண்டு. அவர்கள் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது. முன்வரிசையில் முட்டி மோதும் கனத்த உடம்புக்காரர் தன் வேலையை நன்றாகச் செய்தாரா என்று வேலியோரம் நிற்பவரால் சொல்ல முடியாது. ரிசீவர் அப்படியில்லை. பந்து காற்றில் வருகிறது, ஒருவன் எம்புகிறான், கையில் சிக்குகிறது அல்லது நழுவுகிறது. தீர்ப்பு சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம்.

ஆனால் இங்கேதான் வேலி குறுக்கே நிற்கிறது. முகாமில் கூட்டம் அதிகம் ஆரவாரிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு ரிசீவர், அவரைக் காக்கும் ஒரு கார்னர்பேக், பந்தை எறிய ஒரு குவார்ட்டர்பேக். மற்ற யாரும் கிடையாது. எறிபவரைத் துரத்தி வர ஆளில்லை, அவர் நிதானமாகக் காத்திருக்கலாம். ரிசீவருக்கு உட்பக்கம், வெளிப்பக்கம் என்று முழு மைதானமும் கிடைக்கிறது. காப்பவருக்குப் பின்னால் கைகொடுக்க ஆளில்லை. ஐந்து கெஜத்தைத் தாண்டிவிட்டால் ரிசீவரைப் பிடித்து நிறுத்தவும் விதி இடம் கொடுப்பதில்லை. இந்தப் பயிற்சியின் அமைப்பே ரிசீவர் ஜெயிப்பதற்கு ஏற்றது. கூட்டம் முப்பதாவது கெஜத்தில் நடக்கும் பாய்ச்சலைப் பார்த்துக் கத்துகிறது. பயிற்சியாளர் அதற்கு முன்பே பார்வையை எடுத்திருப்பார். எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தடுப்பவனை முதல் இரண்டு அடியில் எப்படி விலக்கினான், திரும்பப்போகும் திசையை இடுப்பு முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததா, பன்னிரண்டு கெஜத்தில் திரும்பச் சொன்ன ரூட்டில் பன்னிரண்டில் திரும்பினானா, பதினொன்றிலா. அவருக்கு வேண்டியவை அவை.

ஒரு கெஜத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் பின்னால் மூன்று அடி அல்லது ஐந்து அடி வைக்கிறார். கடைசி அடி மண்ணில் ஊன்றும்போது பந்து கையைவிட்டுப் போக வேண்டும். அந்த நேரத்தில் ரிசீவர் இன்னும் திரும்பியிருக்கக்கூட மாட்டார். ஆள் இருக்கும் இடத்துக்குப் பந்து போவதில்லை, அவர் வரப்போகும் இடத்துக்குப் போகிறது. ஒரு கெஜம் முன்னால் திரும்பியவனுக்குப் பந்து முதுகுக்குப் பின்னால் போகும். அங்கே எதிரணிக்காரன் நிற்பான். மறுநாள் நாளிதழ் குவார்ட்டர்பேக் பந்தைப் பறிகொடுத்தார் என்று எழுதும். இதற்கு மேல் ஒரு சிக்கல். பல ரூட்டுகள் பாதி வழியில் மாறுபவை. காப்பவன் ஆழத்தில் நின்றால் ஒரு திருப்பம், நெருங்கி நின்றால் வேறு திருப்பம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரும் குவார்ட்டர்பேக்கும் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். வாய் திறந்து பேசிக்கொள்ள வழியில்லை. வேலியோரத்தில் நிற்பவருக்கோ என்ன ரூட் அழைக்கப்பட்டது என்பதே தெரியாது. அழகாகப் பிடித்த பந்து தவறான இடத்தில் பிடித்ததாக இருக்கலாம்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014இல் பேக்கர்ஸ் மூன்று ரிசீவர்களை எடுத்தது. இரண்டாம் சுற்றில், மொத்தத்தில் 53ஆவதாக டவான்டே ஆடம்ஸ். ஐந்தாம் சுற்றில் ஜாரெட் ஆப்ரடெரிஸ், விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஆடிய உள்ளூர்ப் பிள்ளை. ஏழாவது, கடைசிச் சுற்றில் ஜானிஸ். அந்த ஆண்டு தேர்வான 256 பேரில் அவர் 236ஆவது. மிச்சிகனில் சாகினாவ் வேலி என்ற, இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடும் கல்லூரியிலிருந்து வந்தவர். ஆறடி மூன்றங்குலம். நாற்பது கெஜத்தை 4.42 விநாடியில் ஓடியிருந்தார். அந்த உயரத்துக்கு அது அபூர்வமான வேகம்.

கடைசிச் சுற்று, யாரும் கேள்விப்படாத கல்லூரி, பார்த்தவுடன் கண்ணில் ஒட்டும் வேகம். ரசிகர் மனத்தில் இடம்பிடிக்க வேறென்ன வேண்டும்? போதாததற்கு கிரீன் பேயில் ஒரு முன்னுதாரணமும் இருந்தது. டொனால்ட் டிரைவர் 1999இல் ஏழாம் சுற்றில் 213ஆவதாக வந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு வாடகை லாரியில் வசித்த காலம் அவருக்கு உண்டு. அவர் ஓய்வுபெற்றபோது பேக்கர்ஸ் வரலாற்றில் அதிக கெஜங்கள் எடுத்த ரிசீவராக இருந்தார்: 10,137. ஜானிஸ் கட்சிக்காரர்கள் டிரைவரைச் சொல்லாமல் எந்த வாதத்தையும் முடிப்பதில்லை. ஏழாம் சுற்றில் டிரைவருக்குப் பின்னும் முன்னும் வந்து காணாமல் போன அத்தனை பேரையும் எதிர்க்கட்சி நினைவூட்டும். அதற்குப் பதில் இருக்காது, ஆனால் வாதமும் நிற்காது.

முதல் முகாமின் தொடக்கத்தில் ஜானிஸுக்கு அக்கி வந்து சில நாட்கள் போயின. ஆப்ரடெரிஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்து அந்த ஆண்டே போயிற்று. ஆகஸ்டு நடுவில் செயின்ட் லூயிஸில், கணக்கில் சேராத பருவ முன் ஆட்டம் ஒன்றில், ஜானிஸ் ஒரு குறுக்குப் பந்தை வாங்கி 34 கெஜம் ஓடி எதிரணியின் எல்லைக்குள் புகுந்து டச்டவுன் அடித்தார். கட்சி அன்று பிறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கில் இன்னொரு பருவ முன் ஆட்டத்தில், அணியின் முதன்மை ரிசீவர் ஜோர்டி நெல்சன் யாரும் இடிக்காமலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பருவம் முழுக்க அவர் இல்லை. இனி ஜானிஸின் காலம் என்று கட்சி எழுந்து நின்றது. அணி என்ன செய்தது? நியூயார்க் ஜயன்ட்ஸ் அப்போதுதான் கழற்றிவிட்டிருந்த, தங்கள் பழைய ஆளான 31 வயது ஜேம்ஸ் ஜோன்ஸைத் திரும்பக் கூட்டிவந்தது.

ஜோன்ஸின் வேகம் போய்விட்டிருந்தது. ஆனால் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் எறியும்போது எங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தப் பருவத்தில் அணியிலேயே அதிகமாக 890 கெஜம், எட்டு டச்டவுன். ஜானிஸ் பருவம் முழுவதிலும் பிடித்தவை இரண்டு. இன்னொரு பக்கம் ஆடம்ஸ் பந்துகளைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். 50 பந்துகளில் 483 கெஜம், ஒரே ஒரு டச்டவுன். இரண்டாம் சுற்றுத் தேர்வு வீண் என்றார்கள். அவருக்குத் தரும் வாய்ப்பில் பாதியை ஜானிஸுக்குத் தரக்கூடாதா என்ற கேள்வி அப்போது மிக நியாயமாக ஒலித்தது. அதே ஆடம்ஸ் அடுத்த பருவத்தில் 12 டச்டவுன் அடித்தார், 2020இல் 18, 2021இல் 123 பந்துகளில் 1,553 கெஜம். லீக்கின் மிகச் சிறந்த ரிசீவர் என்று எதிரணிப் பயிற்சியாளர்களே பேசும் இடத்துக்குப் போனார். 2015 நவம்பரில் எந்த வேலியோரத்திலிருந்தும் அது தெரிந்திருக்காது.

இதை வைத்து ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிப்பவர்கள் உண்டு. அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஏனென்றால் 2016 ஜனவரி 16ஆம் தேதி இரவு என்று ஒன்று இருக்கிறது.

அரிசோனாவில், கார்டினல்ஸ் அணிக்கு எதிராக, தோற்றவர் வெளியேறும் பிளேஆஃப் சுற்று. நெல்சன் ஆகஸ்டிலிருந்தே இல்லை. ஆடம்ஸுக்கு முந்தின வாரம் முழங்காலில் அடி. ஆட்டத்தின் முதல் பாதியில் இன்னொரு ரிசீவர் ராண்டல் காப் ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்ததில் நெஞ்சில் அடிபட்டு வெளியேறினார். வேறு ஆளில்லாததால் ஜானிஸும் ஆப்ரடெரிஸும் களத்தில் நின்றார்கள், 2014 கோடையில் வேலியோரம் யாரைப் பற்றிப் பேசினார்களோ அதே இரண்டு பேர். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. பேக்கர்ஸ் 13, கார்டினல்ஸ் 20. பந்து பேக்கர்ஸின் சொந்தக் கோட்டிலிருந்து நான்கு கெஜத்தில். நான்காவது முயற்சி, எடுக்க வேண்டியது இருபது கெஜம். தவறினால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. ராட்ஜர்ஸ் தன் எல்லைக்குள்ளேயே பின்வாங்கி இடது பக்கம் நகர்ந்து எறிந்தார். ஜானிஸ் பிடித்தார், அறுபது கெஜம். பிறகு கடிகாரத்தில் ஐந்து விநாடி மிச்சம், நாற்பத்தொரு கெஜம் தூரம். மாதாவை வேண்டிக்கொண்டு எறிவதைத் தவிர வழியில்லாத இப்படிப்பட்ட எறிதலை அங்கே ஹெய்ல் மேரி என்கிறார்கள். துரத்திவந்தவர்களிடமிருந்து சுழன்று தப்பிய ராட்ஜர்ஸ், கால் ஊன்ற நேரமில்லாமல் பின்னால் சாய்ந்தபடியே பந்தை வானத்துக்கு அனுப்பினார். எல்லைக்குள் எதிரணியின் பேட்ரிக் பீட்டர்சன் ஒரு பக்கமும் ரஷாட் ஜான்சன் மறுபக்கமும் நெருக்க, நடுவில் எம்பினார் ஜானிஸ். பந்து கையில் இருக்கக் கீழே விழுந்தார்.

அந்த ஒரு தாக்குதலில் இரண்டே பந்தில் 101 கெஜம். ஆட்டம் முழுவதிலும் ஏழு பந்து, 145 கெஜம், இரண்டு டச்டவுன். 2015இன் வழக்கமான பருவம் முழுவதும் 79 கெஜம் எடுத்திருந்தவர், எல்லாம் முடிந்துபோகும் ஓர் இரவில் இதைச் செய்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. நடுவர் சுண்டிய காசு சுழலாமலே விழுந்ததால் மறுபடி சுண்ட வேண்டியதாயிற்று. அதிலும் அரிசோனா வென்றது. அவர்களின் ரிசீவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் முதல் பந்தை வாங்கி 75 கெஜம் ஓடினார், சற்றுப் பொறுத்து அவரே முடித்தும் வைத்தார். 26-20. பேக்கர்ஸ் கை பந்தில் படவேயில்லை.

வேலியோரத்தில் நின்றவர்கள் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்த வேகமும் உயரமும் எம்பும் திறனும் அந்த இரவில் ஒன்றுவிடாமல் வெளிப்பட்டன. பயிற்சியாளர்கள் சொல்லிவந்ததும் பொய்த்துவிடவில்லை. அந்த இரண்டு பந்துகளுக்கும் பதினொன்றா பன்னிரண்டா என்ற கணக்கு தேவைப்படவில்லை. ஒழுங்கெல்லாம் குலைந்து, ஓடு, பிடி என்று மட்டும் மிஞ்சிய கணங்கள் அவை. பருவத்தின் மற்ற ஆயிரம் கணங்களில் ஒழுங்கு தேவைப்படும். இரண்டு கட்சியும் ஒரே மனிதனைத்தான் பார்த்தன, சரியாகவே பார்த்தன. ஆகஸ்டில் கண்ணில் பட்டது உண்மை. அது எதற்குப் பயன்படும், எவ்வளவு நாளைக்கு என்பதை மட்டும் ஆகஸ்டு சொல்வதில்லை. அடுத்த ஆகஸ்டில் ஜானிஸுக்குக் கையெலும்பு முறிந்தது. 2017 பருவத்தோடு கிரீன் பேயைவிட்டுப் போனார். கிளீவ்லாந்து அவரை எடுத்தது, பருவம் தொடங்குமுன் விட்டுவிட்டது.

எதிர்த்திசையிலும் ஆகஸ்டு இப்படித்தான். 2021இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் ஐந்தாவது தேர்வில் ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தது. முந்தின ஆண்டு குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் முழங்கால் சிதைந்திருந்தது; அவரைக் காக்க முன்வரிசைக்கு பெனெய் சூவலை எடுத்திருக்க வேண்டும் என்று ஊரில் பாதிப் பேருக்குக் கருத்து. கோவிட் காரணமாகச் சேஸ் ஓராண்டு ஆடாமல் இருந்தவர். பருவ முன் ஆட்டங்களில் அடுத்தடுத்துப் பந்துகளைத் தவறவிட்டார். வாஷிங்டனுக்கு எதிராக மட்டும் மூன்று. கல்லூரிப் பந்தில் வெள்ளைக் கோடுகள் இருக்கும், தொழில்முறைப் பந்தில் இல்லை, கண்ணுக்குப் பழக வேண்டும் என்று அவர் விளக்கியபோது சாக்கு என்று பரிகசித்தார்கள். செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே 101 கெஜம். பருவம் முடிந்தபோது 1,455 கெஜம், 13 டச்டவுன், சிறந்த அறிமுகத் தாக்குதல் வீரர் விருது. அந்த விளக்கத்தை நான் அப்படியே நம்புகிறேன். காற்றில் சுழன்று வரும் பந்தின் கோட்டைப் பார்த்துக் கையை அமைத்துக்கொள்ளப் பழகியவனுக்குக் கோடு மறைந்தால் சில வாரங்கள் வேண்டும்தான். ஆகஸ்டு அந்த வாரங்களைத் தர மறுத்தது.

விக்டர் க்ரூஸ் இன்னொரு வகை. எந்தச் சுற்றிலும் யாரும் எடுக்காதவர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர், நியூஜெர்சியின் பாட்டர்சன் ஊர்ப் பிள்ளை. 2010 ஆகஸ்டு 16, மெடோலாண்ட்ஸின் புதிய அரங்கில் ஜயன்ட்ஸும் ஜெட்ஸும் ஆடிய பருவ முன் ஆட்டம். ஆறு பந்து, 145 கெஜம், மூன்று டச்டவுன். ஜயன்ட்ஸ் அணியில் இடம் கிடைத்தது. ஆனால் அந்தப் பருவத்தில் ஒரு பந்துகூடப் பிடிக்காமல், தொடைத் தசைக் காயத்தோடு ஒதுங்கினார். அடுத்த ஆண்டு 1,536 கெஜம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதே ஜெட்ஸுக்கு எதிராக 99 கெஜ ஓட்டம். பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். 2010 ஆகஸ்டில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் ஓராண்டு முழுக்க ஏமாந்தவர்களாகவே இருக்க வேண்டியிருந்தது.

ஜானிஸ், சேஸ், க்ரூஸ் என்று எழுதும்போது ஒரு நெருடல் இருக்கிறது. இவர்கள் பெயர் நமக்குத் தெரியும். 90 பேர் 53 ஆகும்போது போகிற 37 பேரில் பலருக்கு ஆகஸ்டைத் தாண்டி எதுவும் கிடையாது. சம்பளம் பருவம் தொடங்கி, அணியில் இருந்தால்தான். முகாம் நாட்களுக்குப் படிக்காசு. பட்டியலைச் சுருக்கும் நாளில் ஓர் ஊழியர் வந்து, பயிற்சியாளர் உன்னைப் பார்க்க வேண்டுமாம், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா என்பார். ஆட்ட உத்திகள் அடங்கிய அந்தப் புத்தகத்தைக் கேட்டதிலேயே எல்லாம் புரிந்துவிடும். சிலருக்குப் பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கும். மற்றவர்களின் புள்ளிவிவரப் பக்கத்தில் ஓர் எண்கூட ஏறாது, ஏனென்றால் பருவ முன் ஆட்டங்கள் கணக்கில் சேர்வதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து உடம்பை வருத்திய ஒருவன், தன் வாழ்க்கையின் உச்சத்தை ஆகஸ்டு மாதத்து வியாழக்கிழமை இரவு ஒன்றில், மூன்றாம் நிலைக் குவார்ட்டர்பேக் எறிந்த பந்தில் தொட்டிருப்பான். அது எங்கே பதிவாகியிருக்கிறது? வேலியோரம் நின்றவர்களின் பேச்சில். பத்தாண்டு கழித்தும், 2011இல் ஒரு பையன் வந்தானே, எண்பத்தொன்றோ என்னவோ, ஒற்றைக் கையில் பிடித்தானே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவனுக்கு இருக்கும் ஒரே வரலாறு அதுதான். எனக்கு இந்தப் பேச்சின் மேல் உள்ள மரியாதை பெரும்பாலும் இதிலிருந்து வருகிறது.

அந்த மரியாதைக்குப் பங்கம் வரும் இடமும் உண்டு. நிஜ ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரத்தை வைத்துக் கற்பனை அணி நடத்தும் ஃபாண்டசி ஆட்டம் பெருகிய பிறகு ஆகஸ்டுப் பேச்சின் ஒரு பகுதி நிறம் மாறிவிட்டது. கற்பனை அணிகளுக்கான ஏலமும் தேர்வும் ஆகஸ்டுக் கடைசியில் நடக்கின்றன. புதிய ரிசீவர்தான் அதில் மலிவாகக் கிடைக்கும் சரக்கு. இவன் வாரத்துக்கு எத்தனை புள்ளி தருவான், எந்தச் சுற்றில் எடுத்தால் லாபம் என்று கேட்கிறார்கள். ஐம்பது மைல் தள்ளி ஆடும் அணியின் பையனும் சொந்த ஊர்ப் பையனும் அந்தக் கணக்கில் ஒன்று. முதல் ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்ட இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு அன்றிரவே வசைகள் போய்ச் சேர்கின்றன. 2022இல் பேக்கர்ஸின் கிறிஸ்டியன் வாட்சன், அணியின் பருவத்து முதல் தாக்குதலிலேயே மினசோட்டாவில் கைக்கு வந்த 75 கெஜ டச்டவுனை நழுவவிட்டார். முழங்கால் அறுவையால் முகாமின் பெரும்பகுதியை இழந்திருந்த பையன். அந்த ஆகஸ்டு முழுக்க நான்காம் சுற்றில் வந்த ரோமியோ டூப்ஸைத்தான் ஊர் கொண்டாடியது. இளம் ரிசீவர்கள் பந்தை விடுகிறார்கள், ரூட்டில் தப்பு செய்கிறார்கள் என்று ராட்ஜர்ஸ் பகிரங்கமாகக் கடிந்ததும் அதே ஆகஸ்டில். நவம்பரில் டாலஸுக்கு எதிராக வாட்சன் ஒரே ஆட்டத்தில் மூன்று டச்டவுன் அடித்தார். வேலியோரம் நின்று பார்த்தவர்கள் பொறுத்திருந்தார்கள் என்று சொல்லமாட்டேன், அவர்களும் திட்டினார்கள். ஆனால் அவர்கள் திட்டியது நம்ம பையன் இப்படிச் செய்துவிட்டானே என்று. சரக்கு கெட்டுவிட்டது என்று திட்டுவது வேறு.

2025 ஏப்ரலில் டிராஃப்டே கிரீன் பேக்கு வந்தது. லாம்போ அரங்கின் வாசலில் மேடை போட்டு, 23ஆவது தேர்வாக டெக்சஸ் பல்கலைக்கழக ரிசீவர் மேத்யூ கோல்டனின் பெயரை வாசித்தபோது கூட்டம் கொந்தளித்தது. 2002இல் ஜேவன் வாக்கருக்குப் பிறகு அதுவரை முதல் சுற்றில் இந்த அணி ரிசீவரை எடுத்திருக்கவே இல்லை. கோல்டனைப் பற்றிய பேச்சுக்கு இயல்பாகவே கூட்டம் சேரும். அவர் அணியில் இருப்பாரா என்ற கேள்வியே கிடையாது. எனக்கு அந்தப் பேச்சில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. இடம் உறுதியானவனைப் பற்றி நம்பிக்கை வைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆறாவது ரிசீவர் யார் என்பதுதான் முகாமின் உண்மையான கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் அதற்கு வேறு இடத்தில் விடை தேடுவார்கள். ஆறாவது இடம் பந்து பிடித்துக் கிடைப்பதல்ல. எதிரணிக்குப் பந்தை உதைத்து அனுப்பும்போது, பக்கக் கோட்டோரம் இரண்டு பேர் தள்ளிவிட்டாலும் எழுந்து நாற்பது கெஜம் ஓடி, பந்தை வாங்குபவனை விழவைப்பவனுக்குக் கிடைப்பது. ஜானிஸ் நான்கு ஆண்டுகள் அணியில் நீடித்ததும் அந்த வேலையால்தான். முகாமில் அந்தப் பயிற்சி தொடங்கியதும் கூட்டம் கலையும். சாப்பிட எதையாவது வாங்கிவர அதுதான் நேரம் என்று கிளம்பிவிடுவார்கள். பத்திருபது பேர் மட்டும் பட்டியலைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு வேலியின் மறுமுனைக்கு நகர்வார்கள். அடுத்த மாதம் அணியில் யார் இருப்பார்கள் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.